ஒப்பிட்டவர் கையொப்பம்

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் சதுரங்க நிரலுக்கு உள்ளிருந்துதான் அடுத்த கோப்பைத் திறக்க வேண்டும், வெளியே நின்று அதன்மேல் இருமுறை தட்டக் கூடாது என்று செண்பகவடிவுக்கு முதன்முதலில் சொன்னவர் நடுவர் சவரிமுத்து. வெற்றிலைச் சாறு கடைவாயில் தேங்கி நிற்க, இரண்டு விரல்களை உதட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு, அந்த விரல்களின் சந்து வழியாகச் சொன்னார். "வடிவக்கா, அது ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு. வெளிய இருந்து இன்னொரு பைலத் தட்டுனா புதுசா ஒண்ணும் தொறக்காது. ஓடுறதுக்குள்ளயே போய் உக்காந்துக்கிடும். பலகையில நீங்க வச்சிருக்க ஆட்டம் மாறிரும், பாத்துக்கிடுங்க." சொன்ன சொல் அவள் காதுக்குள் போகவில்லை. சொல்லோடு புறப்பட்ட ஒரு சிவப்புத் துளி, விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்து, மெல்லப் பள்ளத்துக்குள் இறங்கியதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுதும் கோப்போடு புழங்கியவளுக்குக் கோப்பைத் திறக்கக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டார் என்று நினைத்தாள். கைக்குட்டையால் துளியைத் துடைத்தாள். துடைத்த கைக்குட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் மண்டபத்துக் குப்பைத் தொட்டியிலேயே போட்டாள். அது சென்ற ஆண்டு. இதே கல்யாண மண்டபம், இதே மேசை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணி. மாவட்டச் சதுரங்கக் கழகத்தின் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள், பையன்கள் தேர்வுப் போட்டியில் ஐந்து சுற்றுகள் முடிந்து, கடைசிச் சுற்று இரண்டு மணிக்குத் தொடங்க இருந்தது. மேடையின் ஓரத்தில், போன வாரத்து யார் கல்யாணத்துக்கோ ஒட்டிய தெர்மோகோல் மயிலின் கீழே, மடிக்கணினிக்கு முன்னால் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் தங்கள் நகர்த்தல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றை ஒன்றுவிடாமல் கணினியில் ஏற்றி ஆட்டத் தொகுப்பாக்குவது அவள் வேலை. சம்பளமில்லாத வேலை, ஆனால் சம்பளம் வாங்கிய வேலையைவிடக் கறாராகச் செய்கிற வேலை. அவளுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியும் என்று சொல்ல முடியாது. பிழையில்லாமல் பெயர்த்தெழுதத் தெரியும். பந்தி முடிந்த கூடத்திலிருந்து எச்சில் இலைகள் வெயிலில் வேகும் வாடை வந்துகொண்டிருந்தது. அதன்மேல் பினாயிலை ஊற்றிய புண்ணியவான் யாரோ, இரண்டு நாற்றமும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறந்திருந்தது. காலையில் யாரோ கேசரி தின்ற கையோடு மவுஸைத் தொட்டிருக்கிறார்கள். பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கை ஒட்டி, எடுக்கும்போது உரிந்தது. ஒரு சோற்றுப் பருக்கை எண்வரிசையில் எட்டுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. அதைத் தொடாமலேயே அவள் காலை முழுதும் எட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். கழகச் செயலாளர் கொம்பையா, பதிவு அலுவலக வாசலில் இருபது ஆண்டு பத்திரம் எழுதியவர், அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே, பென்சில் முனையால் பல்லைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். "வடிவக்கா, நம்ம கழகத் தலைவர் டாக்டர் சார் ரெண்டு மணிக்கு வாராரு. போன வருசம் மாதிரியே தொண்ணூத்தெட்டுல அவரு ஆடுன ஆட்டத்த எடுத்து வச்சிருங்க. திரையில போட்டம்னா மனுசன் குளுந்துருவாரு." பென்சிலில் ஒட்டியதை ஒருமுறை பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பலகையில் ஒரு பையனின் ஆட்டம், இருபத்தேழு நகர்த்தல் வரை ஏற்றியது, பாதியில் நின்றது. அது நிற்கட்டும் என்று நிரலைச் சிறிதாக்கிக் கீழே தள்ளிவிட்டு, வெளியே இருந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோப்பை இருமுறை தட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. கேட்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஆகுமா, ஒப்புதல் விசையைத் தட்டினாள். பலகை ஒருமுறை கண் சிமிட்டிற்று. புதிய ஜன்னல் எதுவும் வரவில்லை. அதே ஜன்னல், அதே பலகை, அதே பச்சைக் கட்டங்கள். ஆனால் பையனின் ஆட்டத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் டாக்டரின் ஆட்டம் நின்றது, பத்தொன்பது நகர்த்தல், டிரா. மேலே பொடி எழுத்தில் கோப்பின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அவளுடைய வலது கை நடுவிரல் அதையெல்லாம் கவனியாமல், பழக்கப்பட்ட மாடு தொழுவுக்குத் திரும்புவதுபோலச் சேமிக்கிற விசைக்குப் போய்க்கொண்டிருந்தது. விசையில் படுவதற்கு முன் அந்த விரலைப் பார்த்தாள். பினாயிலும் இலையும் கேசரியும் ஒன்றுமில்லை என்றாகி, அந்த விரல் அவளுக்கு அருவருப்பாயிற்று.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, ஒரு பையனின் ஆட்டம் அழிந்தது, அவன் தாள் இருக்கிறது, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று மனம் அவசரமாகச் சமாதானம் சொல்லிற்று. அந்த அவசரமே சரியாக இல்லை. பத்தொன்பது. பல்லிடுக்கில் மாங்காய் நார் சிக்கியதுபோல் அந்த எண் ஏன் நிற்கிறது. சென்ற ஆண்டு விசாரணையிலும் பத்தொன்பதுதான். மேலப்பாளையத்து ஹனான், தையல் தைத்துக் கொடுக்கும் ரம்ஜான் பீவியின் மகள், அப்போது பன்னிரண்டு வயது. எதிரே ஆடியவள் மகிழினி என்று ஒரு பெண், அதன் பிறகு சதுரங்கத்துக்கே வரவில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டு பழைய ஆட்டம் ஒன்றை அப்படியே ஆடி டிரா செய்தார்கள் என்று தீர்ப்பாகி, ஆளுக்கு அரைப் புள்ளி பறிக்கப்பட்டது. அவர்கள் அப்படியே ஆடியதாகச் சொன்ன பழைய ஆட்டம் டாக்டருடையது, பத்தொன்பது நகர்த்தல். சென்ற ஆண்டும் டாக்டர் வந்தார். சென்ற ஆண்டும் அவள் இதே கோப்பைத் தட்டினாள். அதற்கு முன்பு பலகையில் எது இருந்தது. ஹனானின் தாளை ஏற்றி முடித்துச் சேமிக்கப்போன நேரம் அது, இல்லையா. டாக்டர் தோளுக்குப் பின்னால் நின்று தன் ஆட்டத்தைப் பார்த்துப் பூரித்து, சந்தனமும் வியர்வையும் கலந்த வாடையை விட்டுவிட்டுப் போனார். சாப்பிடக் கூப்பிட்டார்கள். பலகையில் ஓர் ஆட்டம் நின்றது. பெயர்க் கட்டத்தில் டாக்டர் பெயர் இருந்தது. காட்டியபோது ஒட்டிக்கொண்டுவிட்டது போலும் என்று அதை அழித்து, ஹனான் என்றும் மகிழினி என்றும் எழுதிச் சேமித்தாள். நகர்த்தல்களைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டியதில்லை, தாளோடு ஒப்பிட்டிருந்தால் போதும். ஒப்பிடுவது. முப்பத்தொரு ஆண்டு பதிவு அலுவலகத்தில் அவள் செய்தது அது ஒன்றைத்தான். மூலப் பத்திரத்தை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, நகலில் மற்றவர் விரல் வைத்துத் தொடர, கடைசி வரிக்குக் கீழே வாசித்தவர் என்று ஒருவரும் ஒப்பிட்டவர் என்று ஒருவரும் கையொப்பமிட வேண்டும். வாசிக்க ஆளில்லாமல் ஒப்பிடுவது என்பது கிடையாது. நான்கெல்லையில் வடக்கு தெற்காகிப் போனால் ஒரு குடும்பத்தின் கிணறு அடுத்த குடும்பத்தின் வயலுக்குள் போய்விடும். ஒப்பிட்டவர் செண்பகவடிவு என்றிருந்தால் வக்கீல்கள் மூலத்தைக் கேட்பதில்லை என்று பெயர். அந்தப் பெயரோடு இங்கே வந்தாள். "நான் தாள வாசிக்கேன், நீங்க திரையில பாருங்க, ரெண்டு பேரா பாத்தா சுருக்கா முடிஞ்சிரும்" என்று சென்ற ஆண்டு சவரிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வேண்டாம், என் கண் போதும்" என்றாள். அந்த வாய் தன் முகத்துக்கு நேரே நாற்பது நிமிடம் திறந்து மூடும் என்பதை நினைத்தபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மனிதரின் வாய்க்கு எட்டாத தூரத்தில் இருப்பதற்காக முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தை ஒரு நொடியில் உதறினாள். சுத்தம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள்.

சென்ற ஆண்டு விசாரணை மணமகள் அறையில் நடந்தது. அழுகிய பிச்சிப்பூ வாடை, சுவரில் கண்மைக் கைத்தடம், கண்ணாடியில் வரிசையாக ஒட்டிக் கிடந்த யார் யாருடையவோ பொட்டுகள். ஒரே மாதிரி ஆட்டங்கள் உண்டா என்று கொம்பையா விளையாட்டாக நிரலைத் தேடவிட, அது டாக்டரின் ஆட்டத்தையும் இந்தப் பெண்களின் ஆட்டத்தையும் ஜோடியாக எடுத்துக் காட்டிவிட்டது. மூலத் தாள்கள் எங்கே என்று கேட்டார்கள். ஏற்றி முடித்த தாள்களை அவள் கட்டி வைத்திருந்தாள். சமையல்காரர் அந்தக் கட்டைப் பிரித்து, நாலு மணி வடைக்குத் தட்டுகளில் விரித்துவிட்டார். "நாங்க ரெண்டு பேரும் யானைய வச்சு ரொம்ப நேரம் ஆடுனோம் மிஸ்" என்று ஹனான் சொன்னாள். "பத்தொன்பது நகர்த்தலில் எவ்வளவு நேரம் ஆட முடியும்?" என்று இவள் கேட்டாள். கேள்வி எவ்வளவு கச்சிதமாக இருந்தது. ரம்ஜான் பீவி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மகளின் கார்பன் நகலை எடுத்து நீட்டினாள். எறும்பு போன தடம்போலத் தேய்ந்த எழுத்து. உறையின் மேல் குழம்புக் கறை. இவள் கையை நீட்டவில்லை. "மூலம் இல்லாதபோது பதிவுதான் சான்று" என்றாள். "நீங்க ஏத்துனதுல பிசகு இருக்காதாக்கா?" என்று கொம்பையா முறைக்குக் கேட்டார். "முப்பத்தொரு வருஷத்தில் ஒன்று காட்டுங்கள்." மூலையிலிருந்து சவரிமுத்து, "பலகை மாறியிருக்கலாமில்லாக்கா, நான் அன்னைக்கே..." என்று தொடங்கினார். "முதலில் வாயைத் துடைத்துவிட்டுப் பேசுங்கள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த ஹனான்கூடச் சிரித்துவிட்டாள், பிள்ளைதானே. சிரித்த வாய் மூடுவதற்குள் தீர்ப்பு முடிந்தது. அன்று மாலை பேருந்தில் ஒரு கேள்வி வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோப்பு யாரிடம் இருக்கிறது. இந்த மடிக்கணினியில். வேறெங்கே. வேறெங்கும் இல்லை, பூச்சி அரித்த பழைய தாள்களைப் பார்த்து அதை ஏற்றியவளே அவள்தான், யாருக்கும் பிரதி கொடுத்ததில்லை. அப்படியானால் மேலப்பாளையத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற ஒரு பெண் அதை எங்கே பார்த்து மனப்பாடம் செய்திருப்பாள். கேள்வி இவ்வளவுதான். அந்தச் சமயத்தில் முன்னிருக்கைக் குழந்தை ஒன்று வாந்தியெடுத்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கேள்வியையும் சேர்த்துப் பொத்திவிட்டாள். ஓராண்டு. அப்புறம் அந்த வடை. அதை நினைக்கக் கூடாது. விசாரணைக்கு முந்திய நாள், நாலு மணிக்கு வடையைத் தட்டிலிருந்து பிய்த்து எடுத்தபோது கீழே தாள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாகியிருந்தது. எண்ணெய் வழியே எழுத்துகள் தெரிந்தன. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. பக்கத்தில் உருண்டையான பிள்ளைக் கையெழுத்து. அது ஹனானின் தாளா, வேறு யாருடையதா. பார்த்தாளா, அல்லது இப்போது, டாக்டரின் ஆட்டம் கண்முன் நிற்கும்போது, மனம் எழுதிக் கொடுக்கிறதா. எண்ணெய் விரலில் பட்டதும் சீ என்று தாளைக் கசக்கித் தொட்டியில் போட்டது நிச்சயம். வடையைத் தின்றதும் நிச்சயம். எண்கள் நிச்சயமில்லை. நிச்சயமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று உள்ளே ஏதோ ஒன்று மெல்லக் கணக்குப் போடுவதைக் கண்டாள்.

மணி ஒன்று இருபது. கீழே சுவரில் புள்ளிப் பட்டியல் ஒட்டியிருந்தது. மாநில அணிக்கு நான்கு பெண்கள். சென்ற ஆண்டுப் புள்ளியையும் இந்த ஆண்டுப் புள்ளியையும் கூட்டி எடுப்பது கழகத்தின் வழக்கம். ஹனான் ஐந்தாவது. நான்காவதாக நிற்கும் பெண்ணுக்கும் அவளுக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம்; சமமானால் இருவருக்கும் இன்னோர் ஆட்டம் வைத்துத் தீர்ப்பார்கள். கடைசிச் சுற்றில் இருவரும் வென்றால் அந்த அரைப் புள்ளி அப்படியே நிற்கும், பட்டியல் நான்கோடு முடியும், அடுத்த ஆண்டு அவளுக்கு வயது தாண்டிவிடும். காலையில் மற்ற பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டது இவள் காதிலும் விழுந்தது. காப்பி ஹனான், காப்பி ஹனான், ஒனக்கு எந்தப் பலகை. செண்பகவடிவு எழுந்தாள். பந்திக் கூடத்துக்குள் நுழைய இலைகளைத் தாண்ட வேண்டும். தாண்டினாள், செருப்பில் ஏதோ கொழகொழத்தது, குனிந்து பார்க்கவில்லை. ரம்ஜான் பீவி மகளுக்குத் தயிர்சாதத்தை ஸ்பூனால் மசித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து, மகளுக்கும் இவளுக்கும் நடுவே வந்து நின்றாள்.

"அந்தத் தாள் இருக்கிறதாம்மா? சென்ற ஆண்டுத் தாள்."

"இப்ப எதுக்கு மிஸ்? புள்ள கடைசி ரவுண்டு ஆடணும். சாப்பிடுற நேரத்துல அழ வச்சிராதீங்க."

"அழ வைக்க வரவில்லை. வாசித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் வாசிக்கவில்லை."

ரம்ஜான் பீவி ஸ்பூனைக் கீழே வைத்தாள். பிறகு தோள்பையின் அடியிலிருந்து அதே பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். "எல்லாப் போட்டிக்கும் கொண்டாந்துருவேன். யாராவது கேப்பாங்கன்னு. யாரும் கேக்கல." குழம்புக் கறை அங்கேயே இருந்தது, கறுத்து. செண்பகவடிவு வெறுங்கையால் வாங்கிக்கொண்டாள்.

மேடைக்கு அருகே சவரிமுத்து கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சவரிமுத்து, ஒரு தாள் வாசிக்க வேண்டும்" என்றாள். உறையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஒரு நிமிசங்கா, துப்பிட்டு வந்துருதேன்." "நேரமில்லை. இப்படியே வாசியுங்கள்." நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். அவர் வாசித்தார், அவள் ஏற்றினாள். சிப்பாய் டி நாலு. குதிரை எஃப் ஆறு. வாய் முகத்துக்கு நேரே திறந்து மூடிற்று. புகையிலை, கிராம்பு, பழைய பல்லின் வாடை. அது அருவருப்பாகத்தான் இருந்தது, இல்லாமல் போய்விடவில்லை. மணிக்கட்டில் சிவப்பாக ஒன்று தெறித்தது. துடைத்தால் ஒரு நகர்த்தல் தவறும் என்று அப்படியே விட்டாள். இருபத்திரண்டில் கார்பன் மங்கிற்று. "யானை டி ஏழா, டி ஒண்ணான்னு தெரியல. இருங்க. டி ஒண்ணுக்குப் போக வழியில்ல, நடுவுல சிப்பாய் மறிக்கி. டி ஏழுதான்." அப்படி ஒவ்வொரு மங்கலுக்கும் பலகையே வழி சொல்லிற்று. எங்கும் முட்டவில்லை, எங்கும் நொண்டவில்லை. யானையும் யானையும் நெடுநேரம் மல்லுக்கு நின்றன. "நாப்பத்தொண்ணு. ராஜா ஜி ரெண்டு. டிரா. நல்லா ஆடியிருக்காளுவக்கா ரெண்டு பேரும்." அவர் தாளை மடியில் வைத்துவிட்டுத் துப்பப் போனார்.

கொம்பையா வந்தார். "டாக்டர் ஆட்டம் ரெடியா?" "ரெடி. பாருங்கள்" என்று ஹனானின் ஆட்டம் நின்ற பலகையைக் காட்டினாள், சேமித்தாள், பிறகு நிரலைச் சிறிதாக்கி, வெளியிலிருந்து தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோப்பை இருமுறை தட்டினாள். பலகை கண் சிமிட்டிற்று. பத்தொன்பது நகர்த்தல். "இதுதான் நடந்தது. இதன்மேல் அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதியவள் நான்."

கொம்பையா பென்சிலைப் பல்லிலிருந்து எடுத்தார். "ஏக்கா, இப்ப போய் அதக் கிளறணுமா? போன வருசத்துக் கத. டாக்டர் வார நேரம். ஒங்க பேருதான் கெடும்."

"நான்கெல்லையில் வடக்கும் தெற்கும் மாறிப் பதிவாகிவிட்டால் வாசலில் உட்கார்ந்து என்ன எழுதுவீர்கள், கொம்பையா?"

அவர் மேடையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "பிழைதிருத்தல் பத்திரம்" என்றார், குரல் இறங்கி.

"நான் எழுதுகிறேன். நீங்கள் செயலாளராக ஒப்பமிட்டுப் பட்டியலை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒலிபெருக்கியில் வாசிப்பேன், டாக்டர் முன்னால்."

"பென்சில வாங்கிக்கிடுங்க" என்றார் கொம்பையா. "பென்சிலால் எழுதக் கூடாது" என்றாள். அந்தப் பென்சிலையும் பார்த்தாள். தன் பேனாவை எடுத்து, கழகத்தின் தாளில், அலுவலகத்தில் எழுதிய அதே நிமிர்ந்த எழுத்தில் எழுதினாள். முன்னர் பத்தொன்பது நகர்த்தல்கள் என்று பதிவானது நாற்பத்தொன்று என வாசிக்கப்பட வேண்டும். பிழை, பதிவு செய்தவருடையது, ஆட்டக்காரர்களுடையது அன்று. வாசித்தவர் சவரிமுத்து. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஒப்பமிட்டார். தாளின் ஓரத்தில் விரல் பட்ட இடம் சிவந்தது. ஒப்பிட்டவர் என்ற சொல்லுக்கு எதிரே தன் பெயரை எழுதும்போது அந்த நடுவிரலைப் பார்த்தாள். கேசரி, எண்ணெய், குழம்பு, வெற்றிலை எல்லாம் அதில்தான் இருந்தன, கழுவினாலும் போகிறவையாகத் தோன்றவில்லை. கீழே பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்துப் பலகைகளுக்கு முன்னால் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். கடைசி வரி மீதி இருந்தது. பத்திரத்தில் தொகையை இரண்டு விதமாகவும் எழுத வேண்டும். ஒன்றில் பிசகினாலும் மற்றது காக்கும். எழுதினாள்: செல்வி ஹனானுக்கும் செல்வி மகிழினிக்கும் இதனால் திருப்பித் தரப்பட்டது தலா, எண்ணால் ½, எழுத்தால் அரைப் புள்ளி.